சொல்லுக்கு முன் எழும் குரல்

வள்ளுவப் பெருந்தகை ‘கேள்வி’க்கென்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். ஆயினும் அவர் போற்றும் கேள்வி, பொருளுடைய சொல்லைக் கேட்பதாகும். பொருள் விளங்காத ஒலிக்கு, செவிக்கு இனிமையும் தராத ஒலிக்கு, நாம் எவ்வளவு நேரம் காது கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்? இது இசை வல்லுநர்கள் தீர்த்துக்கொள்ள வேண்டிய சிக்கல் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். இது ஓர் அறக்கேள்வி என்பதைச் சென்ற தவக்காலத்தில்தான், அதுவும் சற்றும் எதிர்பாராத ஒரு வழியில், அறிந்துகொண்டேன்.

பெங்களூரில் பணிபுரியும் என் தங்கை மகன் விடுமுறைக்குப் பாப்பாரப்பட்டி வந்திருந்தான். எந்நேரமும் காதில் எதையோ மாட்டிக்கொண்டிருப்பவன். “என்னடா கேட்கிறாய்?” என்றதற்கு, “இத்தாலி நாட்டு ராக் இசை, மாமா. இதைத் தெரிந்தவர்கள் பெங்களூரிலேயே நாலு பேர்தான் இருப்பார்கள்” என்றான். அந்த நாலு பேரில் தானும் ஒருவன் என்ற மகிழ்ச்சி அவன் முகத்தில் தெளிவாகத் தெரிந்தது.

அவன் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். 1970-களின் தொடக்கத்தில் இத்தாலிய இளைஞர்கள் பலர், ராக் இசையைச் செவ்வியல் இசையோடும் நாட்டார் இசையோடும் பிணைத்து நீண்ட படைப்புகளை உருவாக்கினார்கள். ‘புரோகிரசிவ் ராக்’ என்பது அதன் பெயர். ஓரிரு குழுக்கள் ஆங்கிலத்தில் பாடி வெளிநாடுகளில் பெயர் பெற்றன. எஞ்சியவற்றுள் பல ஓர் இசைத்தட்டோடு கலைந்து, பழைய தட்டுகளைத் தேடித் திரிவோரின் நினைவில் மட்டும் தங்கின. 1974-இல் ‘ஆக்துவாலா’ என்ற குழுவின் தட்டு ஒன்றில் மும்பையைச் சேர்ந்த திரிலோக் குர்ட்டு தபலா வாசித்திருக்கிறார் என்பதைக் கேட்டபோது, நம் மண்ணின் தாளமும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறதே என்று சற்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவர்களிற் சிலர் திருச்சபையின் வாசலிலேயே நின்று பாடியவர்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி. ஜெனோவா நகரத்து இளைஞர் மூவர் தங்கள் குழுவுக்கு விவிலிய மணம் கமழ ‘பாலும் தேனும்’ என்று பெயரிட்டு, 1972-இல் புனித மத்தேயு எழுதிய திருப்பாடுகளையே ராக் இசையில் அமைத்தார்கள். சிசிலித் தீவினரான பிராங்கோ பத்தியாத்தோ, 1975-இல் வெளியிட்ட தட்டுக்காக மொன்ரெயாலே பேராலயத்தின் ஆர்கனில் அமர்ந்து, இராகம் என்று எதையும் பற்றிக்கொள்ளாமல் ஒலிகளை அலையலையாக எழுப்பினார். பேராலயம் பன்னிரண்டாம் நூற்றாண்டினது. ஒலியோ எந்த நூற்றாண்டினது என்று சொல்ல முடியாதது. அதே மனிதர் 1989-இல் வத்திக்கானில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் முன்னிலையில் பாடினார். பிற்காலத்தில் ஒரு திருப்பலிக்கும் இசை அமைத்தார்.

இவையெல்லாம் வியப்பளித்தன, ஆனால் என்னைத் தொடவில்லை. தொட்டது வேறொரு குரல்.

டெமெட்ரியோ ஸ்ட்ராடோஸ் 1945-இல் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் கிரேக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர். கீழைத் திருச்சபையின் பாடல்களைச் சிறுவயதில் கேட்டு வளர்ந்தவர். பின்னர் மிலான் நகரில் ‘ஆரெயா’ என்னும் குழுவின் பாடகரானார். தம் மகள் மழலையாய் இருந்தபோது, அக்குழந்தையின் வாயிலிருந்து எத்தனை வகை ஒலிகள் பிறக்கின்றன என்பதை அவர் கவனித்தார். பேச்சு வர வர, அந்த ஒலிச்செல்வம் குறைந்துகொண்டே போவதையும் கண்டார். மொழியைப் பெறும்போது மனிதன் எதையோ இழக்கிறான் என்ற எண்ணம் அவரை விடவில்லை. பாதுவா நகர ஆய்வாளர்களின் துணையோடு தம் குரலையே ஆராய்ந்தார். ஒரே தொண்டையிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு மூன்று ஒலிகளை எழுப்பப் பயின்றார். 1976-இலும் 1978-இலும் அவர் வெளியிட்ட இரு தட்டுகளில் பெரும்பாலும் வேறு கருவி இல்லை. பாட்டு என்று நாம் அழைக்கும் எதுவும் இல்லை. குரல் மட்டுமே. அது சில நேரம் கூழாங்கல் உருள்வது போலவும், சில நேரம் ஆட்டுக்குட்டி கத்துவது போலவும், சில நேரம் மூச்சுத் திணறும் நோயாளி போலவும் ஒலிக்கிறது.

1979 ஜூன் 13 அன்று, இரத்தச் சோகையின் கொடிய வகை ஒன்றால், நியூயார்க் மருத்துவமனையில் அவர் இறந்தார். வயது 34. அவருடைய சிகிச்சைச் செலவுக்காக மறுநாள் மிலானில் இசைவிழா ஒன்று ஏற்பாடாகியிருந்தது. பல்லாயிரவர் திரண்ட அந்த விழா, இரங்கல் கூட்டமாயிற்று.

முதல் முறை கேட்டபோது இரண்டு நிமிடத்தில் நிறுத்தச் சொன்னேன். மருமகன் ஊருக்குப் போன பின், ஏனோ என் கைபேசியில் அவன் ஏற்றிவைத்ததை மறுபடியும் கேட்டேன். ஒரு வாரம், ஒவ்வொரு மாலையும். தவக்காலத்தில் ஒறுத்தலாக எதையேனும் மேற்கொள்வோமே, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் நாளிலோ ஐந்தாம் நாளிலோ எனக்குள் ஏதோ நெகிழ்ந்தது. அதைவிட வேகமாக வேறொன்றும் வளர்ந்தது. தருமபுரி மாவட்டத்திலேயே இக்குரலை அறிந்தவன் நான் ஒருவனே என்ற பெருமிதம்! மருமகன் முகத்தில் கண்டு நகைத்த அதே மகிழ்ச்சி.

அரிய ஒன்றை நாடிச் செல்வதில் இந்தக் கண்ணி எப்போதும் உண்டு. நாம் நேசிப்பது அந்தப் பொருளையா, அது பிறருக்குக் கிட்டவில்லை என்பதையா? நல்லதொரு பாடலை ஊரே பாடத் தொடங்கியதும் நமக்கு அது கசக்குமானால், நாம் நேசித்தது பாடலை அன்று.

புனித அகுஸ்தீனார் இசையைப் பற்றி இரு மனம் கொண்டவர். பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரலே தம்மை ஈர்த்துவிடுகிறது என்று தம் ‘ஒப்புதல்கள்’ நூலின் பத்தாம் பகுதியில் வருந்துகிறார். அவரே திருப்பாடல் விளக்கவுரையில் வேறொன்றைச் சொல்கிறார். அறுவடையிலும் திராட்சைத் தோட்டத்திலும் உழைப்பவர்கள் முதலில் சொற்களோடு பாடுகிறார்கள். உள்ளம் நிறையும்போது சொற்களை உதறிவிட்டு வெறும் குரலாய் ஆர்ப்பரிக்கிறார்கள். சொல்லுக்கு அடங்காத இறைவனை அப்படித்தான் பாட வேண்டும் என்பது அவர் கருத்து. நாற்று நடும் பெண்களின் குலவையைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மாலை வேளைகளில் இக்குரலைக் கேட்டபடி நான் நடக்கும் ஊர், தியாகி சுப்பிரமணிய சிவா தம் இறுதி நாட்களைக் கழித்து, 1925 ஜூலை 23 அன்று கண்மூடிய ஊர். 1908-இல் அவர் சிறை சென்றது மேடைப் பேச்சுக்காக. சிறையில் தொற்றிய தொழுநோயைக் காரணம் காட்டி இரயிலில் ஏறவும் அவருக்குத் தடை வந்தது; கட்டைவண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராய்ச் சென்று பேசினார். அவர் எழுதியவை அச்சில் இருக்கின்றன. அரசாங்கத்தை அச்சுறுத்திய அந்தக் குரலை இன்று நாம் கேட்க முடியாது. ஒரு மனிதனிடமிருந்து முதலில் அழிவது குரல்தான் போலும். அவர் நினைவிடத்தைக் கடக்கும்போதுதான், நானே வாயடைத்த ஒரு குரல் நினைவுக்கு வந்தது.

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு சிற்றாலயத்தின் பாடகர் குழுவுக்குப் பொறுப்பாய் இருந்தேன். புனித வெள்ளியன்று திருச்சிலுவை முத்தி செய்யும் வேளை. வரிசையில் வந்த ஒரு மூதாட்டி, பாடுபட்ட சுரூபத்தின் கால்களைப் பற்றிக்கொண்டு ஒப்பாரி வைக்கத் தொடங்கினார். முதலில் சொற்கள் இருந்தன. பிறகு சொற்கள் கரைந்து, நீண்டு இழையும் குரல் மட்டும் எஞ்சியது. எங்கள் பாடலின் சுருதியோடு அது சேரவில்லை. ஆர்மோனியக்காரரை உரக்க வாசிக்கும்படி சைகை காட்டினேன். வழிபாடு முடிந்ததும் அவரை அழைத்து, “இது கோவில், ஆயா. சாவு வீடு அன்று” என்றேன்.

“இன்னைக்குச் சாவு வீடுதானே, வாத்தியாரே?” என்றார். மறு ஆண்டு அவர் வாய் திறக்கவில்லை. அது ஒழுங்கு என்று நான் மகிழ்ந்தேன்.

திருவழிபாடு பற்றி 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஏட்டில், மக்களினங்களின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்பளிக்க வேண்டும் என்ற கருத்து இருக்கிறது. மறைக்கல்வி வகுப்பில் அதை நான் விளக்கியும் இருக்கிறேன்! எங்கோ பிறந்து, எனக்குத் தெரியாத காரணத்துக்காகக் கத்திய ஒருவனுக்கு ஒரு வாரம் தந்த நான், காரணமும் தெரிந்து ஊரும் தெரிந்த ஒருத்திக்கு ஐந்து நிமிடம் தரவில்லை. அவன் இசைத்தட்டோடு வந்தான், ஆய்வாளர் சான்றோடு வந்தான், தொலைவிலிருந்து வந்தான். அயலானின் விந்தையைக் கலை என்கிறோம். அண்டை வீட்டாரின் விந்தையை நாகரிகமின்மை என்கிறோம். தொலைவில் இருப்பவர் நம்மிடம் எதையும் கேட்பதில்லை என்பதால் இது எளிதாகிறதோ?

மாற்கு நற்செய்தியில், காது கேளாமல் பேச்சும் தடுமாறிய ஒருவரை ஆண்டவர் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் செல்கிறார். முதலில் விரல்களை இடுவது காதுகளில். நாவைத் தொடுவது பிறகு. குணமாக்கும் சொல்லைச் சொல்லுமுன் வானத்தை நோக்கிப் பெருமூச்சு விடுகிறார். அந்தப் பெருமூச்சை நற்செய்தியாளர் ஏன் குறித்து வைத்தார் என்று இதற்குமுன் நான் யோசித்ததில்லை.

அந்த மூதாட்டி உயிரோடு இருக்கிறார் என்று அறிந்து, பாஸ்காவுக்கு முந்தைய வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். பார்வை மங்கியிருந்தது, செவி மங்கவில்லை. மன்னிப்புக் கேட்க வந்ததாகச் சொன்னேன். எதற்கென்று அவருக்கு நினைவில்லை. நினைவில்லாதது போலக் காட்டினாரோ, அறியேன். கைபேசியில் ஸ்ட்ராடோஸின் குரலை ஒலிக்கவிட்டேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையைச் சாய்த்து, முழுவதும் கேட்டார்.

“யார் வீட்டுச் சாவு இது?” என்றார்.

சாவு அன்று, ஆராய்ச்சி என்று விளக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு, பாடியவரே சில ஆண்டுகளில் இறந்துபோனார் என்று சொன்னேன். பிறகு, வெட்கத்தை விட்டு, அவர் ஒப்பாரியைப் பதிவு செய்துகொள்ள விரும்புவதாகவும் சொன்னேன். கைபேசியைத் திரும்ப என் கையில் வைத்தார்.

“சும்மா உக்காந்துகிட்டு அழ முடியுமா, வாத்தியாரே? அந்தப் புள்ளை பேரு என்ன?”

சொன்னேன். இருமுறை முயன்றும் அப்பெயர் அவர் நாவில் நிற்கவில்லை. “முப்பத்து நாலு வயசா...” என்று தமக்குள் சொல்லிக்கொண்டே, முந்தானை முடிச்சிலிருந்து செபமாலையை எடுத்தார்.