மேடை இல்லாத தொட்டி

தொட்டி வட்டமானது. மூலை இருந்தால் எலி அதை வைத்தே வழி கண்டுபிடித்துவிடும். தண்ணீரில் பாலைக் கலந்து வெண்மையாக்கி, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு மேடையை மறைத்து வைக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மோரிஸ் உருவாக்கி 1981இல் வெளியிட்ட சோதனை இது. எலிக்கு நீந்தத் தெரியும், ஆனால் தண்ணீரில் கிடக்கப் பிடிக்காது. முதல் நாள் சுவரோரமாகவே சுற்றி வரும். தற்செயலாகக் கால் மேடையில் பட்டால் ஏறி நிற்கும். கதவு எங்கே, விளக்கு எங்கே என்று பார்த்துக்கொள்ளும். சில நாட்களில், எந்தப் பக்கம் இறக்கிவிட்டாலும் மேடைக்கு நேராக வந்துவிடும்.

மறு ஆண்டு மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதி சேதப்படுத்தப்பட்ட எலிகளை இறக்கிப் பார்த்தார்கள். நீச்சலில் குறை இல்லை. மேடை வெளியே தெரிந்தால் போய்ச் சேர்ந்தன. மறைந்திருந்தால்தான் தடுமாறின.

*

பயிற்சி முடிந்தபின் மேடையை எடுத்துவிடுவார்கள். கற்ற எலி, மேடை இருந்த கால்வட்டத்துக்கு வந்து அங்கேயே சுற்றும். கல்லாததோ மறந்ததோ, தொட்டி முழுக்க அலையும். எந்தப் பகுதியில் எத்தனை வினாடி என்று மேலிருக்கும் கேமரா குறித்துக்கொள்ளும். மருந்து கொடுத்த எலிக்கும் கொடுக்காத எலிக்கும் அந்த வினாடிகளில் உள்ள வித்தியாசத்திலிருந்துதான் ஒரு மாத்திரையின் கதை தொடங்குகிறது.

இதை யோசிக்கும்போதெல்லாம் சற்று நின்றுவிடுகிறேன். இல்லாத ஒன்றை, அது இருந்த இடத்தில் தேடுவதையே நினைவு என்று அளக்கிறோம். அந்தி சாய்ந்ததும் பையை எடுத்துக்கொண்டு, என்றோ விற்றுவிட்ட வீட்டுக்குக் கிளம்பும் முதியவரை மறதிக்காரர் என்கிறோம். இந்தத் தொட்டியில் அவருக்கு நல்ல மதிப்பெண் கிடைத்திருக்கும்.

*

ஆய்வகத்தில் பழகியவர்கள் வினாடிகளை அவ்வளவு எளிதில் நம்புவதில்லை. எலிக்குப் பதில் இறக்கிவிடும் சுண்டெலி சில நேரம் தேடவே தேடாது; சும்மா மிதக்கும். சில வகைச் சுண்டெலிகளுக்குப் பரம்பரையாகவே விழித்திரை சிதைந்து பார்வை போய்விடும். சுவரடையாளம் தெரியாத அந்தக் குருட்டுச் சுண்டெலி, நினைவிழந்ததைப் போலவே அலையும். வேகமாக நீந்தவைக்கும் மருந்தும் நினைவைக் கூட்டியதுபோலத் தோன்றும். அதனால் வேகத்தையும் அளக்க வேண்டும், மேடையை வெளியே காட்டியும் பார்க்க வேண்டும், எதற்கு எந்த மருந்து போனது என்பது எலியைக் கையாள்பவருக்குத் தெரியாமலும் இருக்க வேண்டும்.

*

மறதியை வரவழைக்க ஒரு குறுக்குவழி உண்டு: ஸ்கோபோலமைன் ஊசி. நம் வேலியோர ஊமத்தையில் இருக்கும் நஞ்சுகளில் ஒன்று அது. நினைவுக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் மூளையில் வேலை செய்யவிடாமல் தடுக்கும். ஊசி போட்ட எலி கற்கத் திணறும். அசிட்டைல்கோலினைக் கூட்டும் அல்சைமர் மருந்தான டொனெபெசில் கொடுத்தால் பெருமளவு தேறும். வல்லாரைச் சாறும் நீர்ப்பிரமிச் சாறும் இந்த வழியில் பலமுறை சோதிக்கப்பட்டிருக்கின்றன.

எனக்கு இதில் ஒரு மனக்குறை. அசிட்டைல்கோலினை முடக்கி மறதியை உண்டாக்கினால், அதைக் கூட்டுகிற மருந்து ஜெயிக்கத்தானே செய்யும்? பூட்டியவர் கையிலேயே சாவியும் இருக்கிறது. அல்சைமர் நோயில் அசிட்டைல்கோலின் குறைவது உண்மை. ஆனால் அங்கே அதைச் சுரக்கும் செல்களே செத்துக்கொண்டிருக்கின்றன.

*

சுண்டெலிக்கு அல்சைமர் தானாக வருவதில்லை. சில குடும்பங்களில் பரம்பரையாக இந்நோயைக் கொண்டுவரும் மனித மரபணுவை அதற்குள் செலுத்தி, மூளையில் அமிலாய்டு என்னும் புரதப் படிவை வளர்க்க 1995இல் வழி கண்டார்கள். எலான் மருந்து நிறுவனத்தின் டேல் ஷெங்க் குழு, அத்தகைய சுண்டெலிகளுக்கு அமிலாய்டையே தடுப்பூசியாகப் போட்டது. இளம் சுண்டெலிகளில் படிவு ஏறக்குறைய உருவாகவே இல்லை என்று 1999இல் அறிவித்தது. அடுத்த ஆண்டே டொராண்டோவிலும் தாம்பாவிலும் இரு குழுக்கள், ஊசி பெற்றவை தண்ணீர்த் தொட்டியிலும் நன்றாகத் தேறின என்று காட்டின. அந்நாளைய உற்சாகத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதே தடுப்பூசியை மனிதருக்குப் போட்டுப் பார்த்த சோதனை 2002 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. ஊசி பெற்ற சுமார் 300 பேரில் 18 பேருக்கு மூளையிலும் மூளையுறையிலும் அழற்சி. அதைவிட என்னை உறுத்துவது 2008இல் சௌதாம்ப்டனிலிருந்து வந்த அறிக்கை. தடுப்பூசி பெற்றுப் பின்னர் இறந்த சிலரின் மூளையில் படிவு ஏறக்குறைய முற்றிலும் துடைக்கப்பட்டிருந்தது. ஆனால் இறப்பதற்கு முன் அவர்களுக்கும் மறதி கடைசிக் கட்டம் வரை முற்றியிருந்தது.

சுண்டெலி தவறான பதில் எதுவும் சொல்லவில்லை. அதன் மூளையில் படிவு இருந்தது, செல்கள் பெரும்பாலும் பிழைத்திருந்தன. மனிதருக்கோ அறிகுறி தெரிவதற்குச் சுமார் பதினைந்து, இருபது ஆண்டுகள் முன்பே படிவு தொடங்கிவிடுகிறது. மருத்துவரிடம் வரும்போது இழப்பு வெகுதூரம் போயிருக்கும். வராமல் தடுக்க முடியுமா என்று சுண்டெலியிடம் கேட்டோம். போனதை மீட்க முடியுமா என்பதற்கான விடையாக அதை எடுத்துக்கொண்டோம்.

*

படிவை அகற்றும் லெக்கானெமாப் என்ற அல்சைமர் மருந்துக்கு 2023இல் அமெரிக்கா முழு அனுமதி அளித்தது. ஸ்வீடனின் உப்சாலாவில் சுண்டெலியிலிருந்து பெற்ற எதிர்ப்பொருளை மனித உடலுக்கு ஏற்ப மாற்றி உருவாக்கப்பட்டது அது. 18 மாதச் சோதனையில், மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் 18 புள்ளி அளவுகோலில் 0.45 புள்ளி வித்தியாசம். சரிவு கொஞ்சம் மெதுவாகியது, நிற்கவில்லை. வீட்டில் கூட இருப்பவர்களுக்கு அந்த 0.45 கண்ணில் படுமா என்று மருத்துவர்களே வாதிடுகிறார்கள்.

படிவு தொடங்கியும் மறதி தொடங்காதவர்களிடம் இப்போது சோதிக்கிறார்கள். சொலனெசுமாப் என்ற மருந்தைக் கொண்டு நடந்த அத்தகைய சோதனை 2023இல் பயனில்லை என்று முடிந்தது. சேர்ந்துவிட்ட படிவை அகற்றும் வகை மருந்து அல்ல அது. லெக்கானெமாப் கொண்டு 2020இல் தொடங்கிய சோதனையில், 55 முதல் 80 வயதுவரையானவர்கள் எந்தக் குறையும் இல்லாமலே சுமார் நான்கு ஆண்டுகள் நரம்பு வழியாக மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். மூளை வீங்கலாம், இரத்தம் கசியலாம் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள்.