வீடு யாருடைய பணத்தில் எழுகிறது?

சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்பது மனிதனின் நியாயமான ஆசை. வீடுகளை நாம் அமைதி பெறும் இடங்களாக ஆக்கியதைத் தன் அருட்கொடைகளுள் ஒன்றாக அல்லாஹ் திருமறையில் (16:80) எடுத்துரைக்கிறான். விசாலமான வீட்டை நற்பேறுகளுள் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் குறிப்பிட்டிருக்கிறார்கள். எனவே வீடு கட்டுவது குற்றமன்று. ஆனால், போட்ட கணக்கை மீறிச் செலவு வளரும்போது அந்தச் சுமையை யார் தலையில் இறக்குகிறோம் என்பதில்தான் நம் ஈமான் சோதிக்கப்படுகிறது.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். 20 லட்சத்தில் முடிந்துவிடும் என்று மேஸ்திரி கணக்குக் கொடுத்தார். பிஸ்மில்லாஹ் சொல்லி வானம் தோண்டினோம். வேலை முடிந்தபோது 26 லட்சம் ஆகியிருந்தது. கூடுதலான 6 லட்சம் எங்கிருந்து வந்தது? மனைவியின் நகையை விற்றதில் 2 லட்சம். வட்டிக் கடன் இரண்டரை லட்சம். வாப்பாவின் சொத்தில் சகோதரிக்குச் சேர வேண்டிய பங்கைப் "பிறகு தருகிறோம்" என்று நிறுத்தி வைத்ததில் 1 லட்சம். மீதி 50 ஆயிரம், கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் இன்னும் கொடுக்காத கூலி!

வீடு பார்க்க வருபவர்கள் "மாஷா அல்லாஹ்" என்கிறார்கள். நாளை மறுமையில் இந்தச் சுவர்கள் வாய் திறந்தால் என்ன சொல்லும்? மஹராக வந்த நகை மனைவியின் சொத்து. அவள் மனமுவந்து தந்தால்தான் நமக்கு ஆகும் என்கிறது திருமறை (4:4). மறுக்க முடியாமல் கழற்றிக் கொடுப்பது மனமுவப்பு ஆகுமா? சகோதரியின் பங்கு அல்லாஹ் விதித்தது (4:7). அதைத் தள்ளிப்போட நமக்கு ஏது உரிமை? உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. வட்டியை விடாதவர்களோ அல்லாஹ்வோடும் அவன் தூதரோடும் போருக்கு நிற்கிறார்கள் (2:279). இதைவிட என்ன எச்சரிக்கை வேண்டும்?

செலவு கூடுவது எல்லாமே நம் தவறல்ல. தோண்டிய இடத்தில் மண் இளகியிருந்தால் கடைக்காலை ஆழப்படுத்தித்தான் ஆக வேண்டும். சிமெண்டும் கம்பியும் விலை ஏறினால் யாரை நோவது? இதற்காகவே தொடக்கத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்துக்கொண்டு இறங்குவது அறிவுடைமை.

ஆனால், பெரும்பாலான மீறல்கள் நம் மனத்திலிருந்து பிறக்கின்றன. மச்சான் வீட்டுக் கூடத்தைப் பார்த்துவிட்டு வந்து, எழும்பிய சுவரை இடிக்கச் சொல்கிறோம். கட்டிய கூலி, இடித்த கூலி, மறுபடி கட்டும் கூலி என ஒரே சுவருக்கு மூன்று செலவு! "இவ்வளவு செய்தாயிற்று, இது ஒன்றுதானே" என்ற சொல் ஒவ்வொரு வாரமும் வருகிறது.

பணம் முடையானதும் எதில் குறைக்கிறோம் என்பதையும் கவனியுங்கள். வாசல் தேக்கு நிலையில் குறைப்பதில்லை. தளத்துக்குள் மறையும் கம்பியில் குறைக்கிறோம். முகப்புக் கிரானைட்டில் குறைப்பதில்லை; கான்கிரீட்டை ஒரு வாரமாவது நனைத்து வைக்க வேண்டிய தண்ணீரிலும் ஆள்கூலியிலும் குறைக்கிறோம். மனிதர் கண்ணில் படுவதைக் கூட்டுகிறோம். அல்லாஹ் மட்டுமே அறிவதைக் குறைக்கிறோம். தொழுகையில் இப்படிச் செய்தால் அதை 'ரியா' என்போம். வீட்டில் செய்தால் மட்டும் அதற்கு வேறு பெயரா?

"பாதியில் நிறுத்தினால் ஊர் சிரிக்காதா?" என்று கேட்கலாம். மதீனத்துப் பள்ளியை நினைத்துப் பாருங்கள். அந்த நிலம் இரு அநாதைச் சிறுவர்களுடையது. அவர்கள் இலவசமாகத் தர முன்வந்தும், பெருமானார் (ஸல்) அவர்கள் விலை கொடுத்தே வாங்கினார்கள். சுவர் பச்சைச் செங்கல், தூண் பேரீச்ச மரம், கூரை அதன் மட்டை. ஒரு ரமளான் இரவில் மழை பெய்து கூரை ஒழுகியது. ஈரத்திலும் சேற்றிலும் ஸஜ்தா செய்த நபிகளாரின் திருநெற்றியில் சேற்றின் அடையாளத்தை ஸஹாபாக்கள் கண்டார்கள். செதுக்கிய கல் சுவரும் தேக்குக் கூரையும் பின்னாளில் உஸ்மான் (ரலி) அவர்கள் காலத்தில்தான் வந்தன. கூரை ஒழுகிய காலத்தில் அந்தப் பள்ளியின் மதிப்புக் குறைந்துவிட்டதா?

ஆகவே, கட்டத் தொடங்குமுன் வீட்டுப் பெண்களோடும் பெரியவர்களோடும் கலந்து பேசுவோம். கலந்தாலோசித்து, முடிவு செய்தபின் அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டச் சொல்கிறது திருமறை (3:159). எடுத்த முடிவை அண்டை வீட்டைப் பார்த்து மாற்றாதிருப்போம். மேஸ்திரியுடன் பேசியதை எழுதிக்கொள்வோம். மாற்றம் அவசியமானால், அதற்கு எவ்வளவு ஆகும் என்று கேட்ட பிறகே கையை வைக்கச் சொல்வோம். வாரக் கூலியை அந்த வாரமே கொடுப்போம். நம் பணம் எங்கே முடிகிறதோ அங்கே வேலையை நிறுத்துவோம். தளம் போட்ட ஓர் அறை, அடுப்படி, குளியலறை, தாழ்ப்பாள் உள்ள கதவு இருந்தால் குடியேறிவிடலாம். பூச்சும் மாடியும் அல்லாஹ் தரும்போது வரட்டும்.

கடனோடு இறந்த ஒருவரின் ஜனாஸாவுக்குத் தொழவைக்க நபிகளார் (ஸல்) அவர்கள் முன்வரவில்லை. அபூ கத்தாதா (ரலி) அவர்கள் அக்கடனை ஏற்றுக்கொண்ட பின்னரே தொழவைத்தார்கள். நாம் கட்டும் வீட்டு வாசலிலிருந்துதான் ஒருநாள் நம் சந்தூக்கும் புறப்படும். அன்று கூலி கேட்டு ஒரு கொத்தனாரோ, பங்கு கேட்டு ஒரு சகோதரியோ அந்த வாசலில் நிற்கக் கூடாது.

பூசாத சுவராயினும் பிறர் உரிமை கலவாத வீட்டில் வாழும் பாக்கியத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.