தண்ணி எப்படி சார்?

அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பில் புவியியல் எடுத்திருக்கிறாள். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்றைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். "இயற்கைப் புவியியலுக்கும் மானிடப் புவியியலுக்கும் உள்ள வேறுபாடுகளை விளக்குக." நான் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். பத்தாம் வகுப்போடு புவியியல் என்னை விட்டுப் போய்விட்டது. ஆனாலும் மாமா என்ற பதவிக்குரிய தைரியத்தோடு சொல்ல ஆரம்பித்தேன். மலை, ஆறு, மண், மழை, காற்று எல்லாம் ஒரு பக்கம். மக்கள்தொகை, குடியேற்றம், தொழில், போக்குவரத்து எல்லாம் இன்னொரு பக்கம். நடுவில் ஒரு கோடு போட்டு அட்டவணையாக எழுதிக்கோ, மார்க் கிடைக்கும்.

எழுதி முடித்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, உங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சே, அது எந்தப் பக்கம் வரும்?"

சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஏனென்றால் அந்த வாரம்தான் அந்த வீட்டை விற்பதற்காக ஒரு தரகரிடம் சொல்லிவைத்திருந்தேன்.

1

வீடு இருப்பது பள்ளிக்கரணை பக்கம். தரைத்தளம். 2019இல் வாங்கினேன். அந்த வருடத்துக் கோடையைச் சென்னையில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருடம். எங்கள் அலுவலகத்தில் 'வீட்டிலிருந்தே வேலை பாருங்கள்' என்று மின்னஞ்சல் வந்தது. கொரோனாவுக்கு ஒரு வருடம் முன்பே, கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லாததால் வந்த மின்னஞ்சல் அது.

அந்த நிலைமையில் வீடு பார்க்கப் போனவன் முதலில் என்ன கேட்பான்? "தண்ணி எப்படி சார்?" விற்றவர் பெருமையோடு சொன்னார்: "இந்த ஏரியாவுல தண்ணிக்குப் பஞ்சமே கிடையாது சார். பத்து அடியில தண்ணி."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. 2023 டிசம்பர் 4ஆம் தேதி, மிக்ஜாம் புயலின்போது, பத்து அடி கீழே இருந்த தண்ணீர் மூன்று அடி மேலே வந்தது. கட்டில் மிதக்கவில்லை, ஆனால் மெத்தை மிதந்தது. நான்கு நாள் மூன்றாவது மாடிக்காரர் வீட்டில் இருந்தோம். வடிந்த பிறகு பார்த்தால், சுவரைச் சுற்றி ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரு பழுப்புக் கோடு.

2

பொறியாளனுக்கு ஆற்றாமை வந்தால் கோடு எழுத உட்காருவான். நானும் உட்கார்ந்தேன். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரால் அளந்த நில உயரத் தரவு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை இறக்கி, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கண்டுபிடிக்க ஒரு சின்ன நிரல் எழுதினேன். தர்க்கம் மிக எளிமை. நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் எட்டுப் பக்கத்துக் கட்டங்கள். அவற்றில் எந்தப் பக்கம் சரிவு அதிகமோ அங்கே தண்ணீர் போகும். அவ்வளவுதான். தண்ணீருக்குப் பட்டா தெரியாது, எட்டுப் பக்கமும் பார்க்கத் தெரியும்.

தென்சென்னையில் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணைக்குத்தான் வந்து சேர்கிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்க வேண்டும். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒரு கோடி லிட்டர். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். இத்தனையையும் வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுவதுதான் சதுப்பு நிலத்தின் வேலை. நம் ஊர்ச் சொல் 'கழுவெளி'. அந்தக் கழுவெளியில் குப்பை கொட்டினோம், சாலை போட்டோம், கல்லூரி கட்டினோம், ஐடி கம்பெனி கட்டினோம். ஒரு காலத்தில் பல மடங்கு பெரிதாக இருந்த நிலத்தில் மிஞ்சியது 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. நான் சம்பளம் வாங்கும் அலுவலகமும் அந்தத் தண்ணீரின் பாதையில்தான் நிற்கிறது. எனவே 'அவர்கள்' என்று யாரையும் கை காட்டி இந்தக் கட்டுரையை எழுத எனக்கு வசதிப்படாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. விண்கலத் தரவில் உயரம் சில மீட்டர் முன்னே பின்னே இருக்கும். எங்கள் பகுதியோ தோசைக்கல் மாதிரித் தட்டை. அதை வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலைப் பற்றி உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது. தெருமுனை டீக்கடைக்காரரால் சொல்ல முடிந்தது. "இங்க பூரா கோரை சார். மழைக்காலத்துல மாட்டை இந்தப் பக்கம் ஓட்ட மாட்டோம்." ஐந்து வருடமாக அவரிடம் டீ குடிக்கிறேன். ஒரு முறையும் கேட்டதில்லை.

3

திரும்ப அக்கா மகளின் பாடத்துக்கு வருகிறேன். மானிடப் புவியியலின் முதல் பாடத்தில் மூன்று கொள்கைகள் வரும். இயற்கைதான் மனித வாழ்வைத் தீர்மானிக்கிறது என்பது நியதிவாதம். இதைச் சொல்லும்போது ஜெர்மனியின் ராட்செலை முதலில் குறிப்பிடுவார்கள். இயற்கை வாய்ப்புகளைத்தான் தருகிறது, தேர்ந்தெடுப்பவன் மனிதன் என்பது சாத்தியவாதம். இது பிரான்சின் விதால் தெ லா பிளாஷ் மரபிலிருந்து வருவது. இரண்டுக்கும் நடுவே ஆஸ்திரேலியப் புவியியலாளர் கிரிஃபித் டெய்லர் சொன்னது 'நின்று செல்லும் நியதிவாதம்'. நகரத்துப் போக்குவரத்துக் காவலரைப் போல மனிதன் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். சாலை போகும் திசையை மாற்ற முடியாது.

தேர்வுக்கு இவை மூன்று கொள்கைகள். வாழ்க்கையில் முதல் இரண்டும் நல்ல சாக்குகளாக இருந்திருக்கின்றன. வெப்ப நாட்டுக்காரன் சோம்பேறியாகத்தான் இருப்பான் என்று சொல்லி ஆண்டவர்களுக்கு நியதிவாதம் உதவியது. 'இவ்வளவு மழை பெய்தா யார்தான் என்ன செய்ய முடியும்?' என்று கையை விரிப்பவர்களுக்கு இன்றும் உதவுகிறது. சாத்தியவாதம் அடுக்குமாடி விளம்பரத்தின் தத்துவம். மண் கொட்டினால் மேடாகும், பம்பு போட்டால் வடியும், எதையும் எங்கேயும் கட்டலாம். கட்டும்போது சாத்தியவாதியாகவும் மூழ்கும்போது நியதிவாதியாகவும் இருப்பதில் நமக்குச் சிரமமே இல்லை. லாபத்தை மானிடப் புவியியலிலும் நஷ்டத்தை இயற்கைப் புவியியலிலும் வரவு வைக்கிறோம். அக்கா மகளை அட்டவணைக்கு நடுவில் போடச் சொன்னேனே ஒரு கோடு, அதன் மிகப் பெரிய பயன் இதுதான்.

4

டெய்லரின் நாட்டில் இன்னொரு கோடு உண்டு. 1864-65இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் கடும் வறட்சி. வறட்சி எதுவரை பரவியிருக்கிறது என்று பார்த்துவரத் தலைமை நில அளவையாளர் ஜார்ஜ் கோய்டரை அரசு அனுப்பியது. அவர் குதிரையில் சுற்றினார். செடிகொடிகள் எங்கே மாறுகின்றன, உப்புப் புதர்கள் எங்கே தொடங்குகின்றன என்று கவனித்து வரைபடத்தில் ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்குத் தெற்கே நம்பிப் பயிர் செய்யலாம், வடக்கே மழையை நம்ப முடியாது. அந்தக் கோடு ஏறத்தாழ ஆண்டுக்கு 300 மில்லிமீட்டர் மழைக்கோட்டை ஒட்டியே போகிறது.

அடுத்து வந்த சில வருடங்களில் நல்ல மழை. கோய்டரைக் கேலி செய்தார்கள். 'கலப்பை போகும் இடத்துக்கு மழை பின்னாலேயே வரும்' என்ற நம்பிக்கை பரவியது. 1874இல் கோட்டுக்கு அப்பாலும் விவசாயிகளுக்கு நிலம் விற்க அரசு வழிவிட்டது. ஜனங்கள் கடன் வாங்கிப் போனார்கள், வீடு கட்டினார்கள், கோதுமை விதைத்தார்கள். 1880களின் தொடக்கத்தில் வறட்சி திரும்பி வந்தது. அன்று கைவிடப்பட்ட கல்வீடுகள் கூரையில்லாமல் இன்னும் நிற்கின்றன.

நல்ல மழை வருடங்களை நம்பி அவர்கள் வறண்ட நிலத்துக்குப் போனார்கள். ஒரு வறண்ட வருடத்தைப் பார்த்துப் பயந்து நான் சதுப்பு நிலத்துக்குப் போனேன். இருவருக்கும் நினைவு ஒரே நீளம்தான்.

டெய்லரின் கதை இன்னும் கசப்பு. ஆஸ்திரேலியாவில் பத்துக் கோடிப் பேர், அதற்கு மேலும் வாழலாம் என்று கனவு விற்றுக்கொண்டிருந்த 1920களில், நாட்டின் உட்பகுதி பெரும்பாலும் பாலை, இந்த நூற்றாண்டு முடியும்போது இரண்டு கோடிப் பேர் இருந்தால் அதிகம் என்று அவர் சொன்னார். மேற்கு ஆஸ்திரேலியாவில் அவருடைய பாடநூலைத் தடை செய்தார்கள். 'வறண்ட', 'பாலைவனம்' என்ற சொற்களை அதில் பயன்படுத்தியிருந்தார் என்பதுதான் குற்றம். 1928இல் அவர் நாட்டை விட்டு சிகாகோவுக்குப் போய்விட்டார். 2000ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மக்கள்தொகை சுமார் 1.9 கோடி.

அவரைப் புனிதராக்க எனக்கு விருப்பமில்லை. இனங்களைத் தட்பவெப்பத்தோடு முடிச்சுப்போட்டு அவர் எழுதியவை இன்று படிக்கக் கூசுபவை. ஆனால் தரிசைத் தரிசு என்று சொன்னதற்காக ஒரு பாடநூல் தடை செய்யப்பட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். நிலத்தைப் பற்றிய ஒரு சாதாரண உண்மைக்கு விலை உண்டு. அந்த விலையைக் கொடுக்க விரும்பாதவர்கள் அதைச் சொல்பவர்களின் வாயை மூடுகிறார்கள்.

5

இனி எனக்கான கேள்வி. வீட்டுக்குச் சுண்ணாம்படித்து, பழுப்புக் கோட்டின் மேல் இரண்டு கோட்டு பெயிண்ட் அடித்தாகிவிட்டது. தரகர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "சார், அவங்களா கேட்டா சொல்லுங்க. நீங்களா வாயைத் திறக்காதீங்க. உங்ககிட்ட யாராவது சொன்னாங்களா?"

இந்த வாதம் என்னை இரண்டு வாரம் பிடித்து வைத்திருந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை. வங்கிக் கடன் இன்னும் பதினான்கு வருடம் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் சில லட்சங்கள் குறையும். அந்த மண்ணைக் கொட்டியவன் நானில்லை, அனுமதி கொடுத்தவனும் நானில்லை. நான் மட்டும் ஏன் கோய்டராக வேண்டும்?

பதிலை எனக்குக் காட்டியது பெரும்பாக்கம்தான். எங்களிடமிருந்து கொஞ்ச தூரம். கூவம், அடையாறு கரைகளில் இருந்த ஏழைக் குடும்பங்களை 'ஆற்றங்கரையில் இருந்தால் வெள்ளம் வரும்' என்று அப்புறப்படுத்திக் கொண்டுவந்து வைத்த அடுக்குகள் அங்கே இருக்கின்றன. சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில். மழை வந்தால் அங்கேயும் தண்ணீர் நிற்கிறது. புவியியல் தெரிந்த ஒருவர் எங்கோ ஒரு மேசையில் அந்த வரைபடத்தைப் பார்த்திருப்பார். பார்த்துவிட்டு, 'யாரும் என்னைக் கேட்கவில்லையே' என்று இருந்திருப்பார் என்று கற்பனை செய்துகொள்கிறேன். அவர் மேல் எனக்கு வரும் கோபம் நியாயமானதென்றால், அதே கோபம் என் மேலும் வந்தாக வேண்டும். அவருக்கும் எனக்கும் வித்தியாசம் மேசையின் அளவு மட்டும்தான்.

தாழ்வான நிலத்தைப் பற்றிய அறிவு தண்ணீருக்கு நேர் எதிராக ஓடுகிறது. தண்ணீர் பள்ளத்தைத் தேடிப் போகும். தகவல், வசதி உள்ளவர்களிடம் மேடேறிப் போகும். தெரிந்துகொண்டவர்கள் விற்றுவிட்டு நகர்கிறார்கள், தெரியாதவர்கள் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். நான் வாயை மூடிக்கொண்டால் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி.

6

போன சனிக்கிழமை ஒரு தம்பதி வந்தார்கள். முப்பது வயதுக்குள் இருக்கும். அந்தப் பெண் சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "தண்ணி எப்படி சார்?"

தரகர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். நிலத்தடி நீர் நன்றாக இருக்கும், கோடையிலும் வரும். 2023 டிசம்பரில் வீட்டுக்குள் மூன்று அடி வந்தது, நான்கு நாள் நின்றது. எதுவரை என்று சுவரில் கை வைத்துக் காட்டினேன். கைப்பேசியில் இருந்த படங்களையும் காட்டினேன்.

நான் எதிர்பார்த்தது அதிர்ச்சியை. இல்லையென்றால் நன்றியை. அந்தக் கணவர் அமைதியாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தெரியும் சார். வராத ஏரியாவுல எங்க பட்ஜெட்டுக்கு வீடு இல்ல. எவ்வளவு குறைப்பீங்க?"

இரண்டு வாரம் மனசாட்சியோடு மல்லுக்கட்டியவனுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. சொல்வது மட்டும் போதாது என்று புரிந்தது. அவர்களுக்கு முன்னால் இருந்த வாய்ப்புகளைச் சுருக்கியது இயற்கை இல்லை. மேட்டு நிலத்தின் விலை. ஆனாலும் சொன்னது வீண் என்று நினைக்கவில்லை. அவர்கள் கேட்ட விலைக்குறைப்பு நியாயமானது, கேட்பதற்கு அந்தத் தகவல் வேண்டியிருந்தது. வாங்கினால் முதல் வேலையாக மின்மீட்டரை மேலே ஏற்ற வேண்டும், சான்றிதழ்களைப் பரணில் வைக்க வேண்டும் என்று பேசிக்கொண்டே போனார்கள். நாங்கள் வந்தபோது எங்களுக்கு அது தெரியாது. என் மனைவியின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இன்றும் பிசுபிசுப்போடு இருக்கிறது. அவர்கள் இன்னும் முடிவு சொல்லவில்லை.

அக்கா மகளுக்கு அன்று மாலை போன் செய்தேன். "நீ கேட்டியே, அந்தத் தண்ணி எந்தப் பக்கம்னு. மழை பெய்தது இடது பக்கம். அது எங்க வீட்டுக்குள்ள வந்தது வலது பக்கம்."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படி எழுதினா மார்க் போடுவாங்களா மாமா?" என்றாள்.

பரீட்சைக்கு அந்தக் கோட்டைப் போட்டே எழுதச் சொன்னேன். பரீட்சை முடிந்ததும் அழித்துவிடச் சொன்னேன்.