பட்டியலில் அடுத்தவர்

ஒக்டோபர் முதல் வாரத்தில் ஒரு மாலை என் பெறாமகள் தொலைபேசியில் அழைத்தாள். "சித்தப்பா, பிராங்பேர்ட் கிடைச்சிட்டுது!" நிதித்துறை முதுகலைக்கு இரண்டு மாதமாகக் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவள். ஐரோப்பிய மத்திய வங்கி இருக்கும் நகரத்தில் அந்தப் படிப்பைப் படிக்கவேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது குடும்பம் முழுக்கத் தெரியும். வாழ்த்தினேன். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டேன்: "அப்ப மற்ற இடத்தை விட்டிட்டியா?"

"இன்னும் இல்லை. பிராங்பேர்ட்டிலை அறை கிடைக்கேல்லை. அதுவரைக்கும் ரெண்டும் இருக்கட்டும்."

வடக்கே இன்னொரு பல்கலைக்கழகத்தில், அதே துறையில், அவள் ஏற்கெனவே ஓர் இடத்தை ஏற்றிருந்தாள். அங்கே பதிவு செய்ய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. விதி எதையும் அவள் மீறவில்லை.

பட்டியலில் முன்நகர்ந்து இடம் பெறுபவரை ஜேர்மன் மொழியில் 'நாஹ்ரூக்கர்' என்பார்கள். நாடாளுமன்றத்தில் கட்சிப் பட்டியலில் வந்த ஒருவர் இறந்தாலோ விலகினாலோ, அந்தப் பட்டியலில் அடுத்து நிற்பவர் வந்து உட்காருவார். அவருக்கும் இதே பெயர்தான். அவருடைய வாக்குக்கு மற்றவர்களுடைய வாக்கைவிட மதிப்புக் குறைவில்லை. 'பட்டியலில் இருந்து வந்தது' என்று எங்கள் ஆட்கள் குரலைத் தாழ்த்திச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இன்னொருவர் எழுந்து போனதால்தான் இந்த இடம் வந்தது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

1962இல் டேவிட் கேல், லொயிட் ஷேப்லி என்ற இரு கணிதவியலாளர்கள் கல்லூரி அனுமதி பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். என்னைப்போன்ற கணினிக்காரர்கள் அதிலுள்ள வழிமுறையை மட்டும் படித்துவிட்டுப் போய்விடுவோம். அதன் தொடக்கத்திலேயே என் பெறாமகளின் கேள்வி இருக்கிறது. ஒரு கல்லூரி ஏற்றுக்கொண்டது, அதைவிட விரும்பிய கல்லூரியோ காத்திருக்கச் சொன்னது. முதலாவதை ஏற்று வைத்துக்கொண்டு, இரண்டாவது கிடைத்ததும் கைவிடுவது அறமா? அவர்கள் விடை சொல்லவில்லை. அந்தக் கேள்வியே எழாதபடி ஒரு முறையை வகுத்துக் கொடுத்தார்கள். ஷேப்லிக்கு 2012இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஜேர்மனியில் இளங்கலைப் படிப்புகள் பலவற்றுக்கு இன்று அந்த வழியில் இயங்கும் மத்திய அமைப்பு ஒன்று இருக்கிறது. ஓர் இடத்தை ஏற்றதும் மற்ற விண்ணப்பங்கள் தாமாகவே விலகிவிடும். முதுகலையில் பெரும்பாலும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனி. அங்கே இயந்திரம் செய்கிற வேலையை இங்கே இருபத்துமூன்று வயதுப் பிள்ளையின் மனச்சாட்சி செய்யவேண்டியிருக்கிறது.

தெரிவு செய்யும்வரை இரண்டு இடங்களை வைத்திருப்பதில் பிழையில்லை என்றே நினைக்கிறேன். யாரும் இருட்டில் குதிக்கத் தேவையில்லை. ஆனால் தெரிந்தெடுத்த பிறகும் பிடித்திருப்பது வேறு. அவள் படிக்கப்போகும் துறையின் மொழியில் சொன்னால், அது பிரீமியம் கட்டாத ஒப்ஷன். பிரீமியத்தைக் கட்டுவது வடக்கே தொலைபேசியைப் பார்த்தபடி இருக்கிற முகம் தெரியாத ஒரு பிள்ளை. ஒக்டோபர் நடுப்பகுதியில் விரிவுரைகள் தொடங்கிவிட்டால், விடுபட்ட இடம் வெறுமனே கிடந்துவிடவும் கூடும். இருக்கிற இடங்கள் முழுவதையும் பயன்படுத்திய பிறகே அனுமதியை மட்டுப்படுத்தலாம் என்று ஜேர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் 1972இலேயே சொன்ன நாடு இது.

இதை அவளிடம் சொன்னேன். சொல்வதற்குள் என் அப்பா அவளிடம் பேசி முடித்திருந்தார். "கையிலை கிடைச்சதை விடாதை, பிள்ளை." அவர் உயர்தரப் பரீட்சை எழுதியது 1970களின் தொடக்கத்தில். தரப்படுத்தல் வந்து, தமிழ்மொழி மூலம் எழுதியவர்களுக்கு வெட்டுப்புள்ளி உயர்ந்தபோது, அவருடைய பொறியியல் கனவு அத்தோடு முடிந்தது. ஐம்பது வருடமாக அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்கு நடந்தது அநியாயம், அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் அந்தக் கணக்கை வடக்கே காத்திருக்கிற பிள்ளையிடம் தீர்க்க முடியுமா? கோட்டை நகர்த்தியது ஓர் அரசு. இங்கே கதவை மறித்து நிற்பது நாங்கள். இதை அப்பாவிடம் நேராகச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

அவள் என்னை மடக்கினாள். "நீங்கள் என்ன செய்தனீங்கள், சித்தப்பா?"

2004இல் கொழும்பிலிருந்து வந்தபோது என்னிடமும் இரண்டு அனுமதிக் கடிதங்கள் இருந்தன. விசா ஒன்றுக்குத்தான் எடுத்தேன். மற்றப் பல்கலைக்கழகத்துக்கு நான் எழுதவேயில்லை. அது தானாகக் காலாவதியாகியிருக்கும்.

"அப்ப எனக்கு மட்டும் ஏன் சொல்லுறியள்?"

அந்தக் கடிதத்துக்குரிய ஆள் யாராக இருந்திருப்பார் என்று இப்போதும் சில நேரங்களில் யோசிப்பதாகச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. விடு என்று சொல்பவன் அவளுடைய பயத்திலும் ஒரு பங்கை எடுக்கவேண்டும் அல்லவா? ஒஃபன்பாக்கில் இருக்கும் பழைய நண்பர் ஒருவரை அழைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, வடக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய விலகல் கடிதத்தின் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. இரண்டே வரி. அறை இன்னும் கிடைக்கவில்லை. நண்பர் வீட்டு வரவேற்பறையில், சோபாவில் படுத்து எழும்பி, எஸ்-பான் பிடித்து வகுப்புக்குப் போகிறாள். அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.