மரமும் நிய்யத்தும்

18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கைவினைஞர்கள், சிக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிக்கும் நீள்துப்பாக்கிகளைச் செய்தனர். அவற்றின் மரப்பகுதிக்கு மேப்பிளையே பெரிதும் கையாண்டனர். இன்றும் அமெரிக்காவில் சிலர், தம் நிலத்து மரத்தை அறுத்து, ஆண்டுக்கணக்கில் உலர்த்தி, அம்முறையிலேயே அதனைச் செய்கின்றனர். ஈரம் வற்றாத மரம் பின்னர் சுருங்கும். பொருத்திய இரும்பும் பிசகும்.

உயிர் பறிக்கும் கருவிக்கா இத்துணைப் பொறுமை என்று நாம் வினவலாம். அதே துப்பாக்கி அன்று வேட்டையில் குடும்பத்துக்கு உணவளித்தது. போர்க்களத்தில் மனிதனையும் வீழ்த்தியது. மரம் ஒன்றே, உழைப்பும் ஒன்றே. வேறுபட்டது ஏந்தியவனின் நிய்யத்து.

அதனால் செய்தவன் பொறுப்பு நீங்கிவிடுமா? கைத்திறன் இறைவன் தந்த அமானிதம். எவ்வளவு அழகாகச் செய்தோம் என்பதோடு நம் கணக்கு முடிவதில்லை. எவர் கையில் ஒப்படைத்தோம் என்பதும் அதில் சேரும். மரம் உலரும் ஆண்டுகள் அதனை எண்ணிப் பார்க்கவும் கிடைத்த அவகாசமன்றோ!