ஓய்வுக் கட்டளை யாருக்கு?

பழைய கைபேசி ஒன்றில் மின்னஞ்சலை அமைத்துக்கொள்வது அறநெறிச் சிந்தனைக்கு உரிய பொருள்தானா என்று வாசகர்கள் வியக்கலாம். அது சில நிமிடங்களில் முடிந்துவிடும் வேலை. முகவரியை இட்டு, கடவுச்சொல்லைக் கொடுத்து, ஒப்புதலைத் தெரிவித்தால் போதும். ஆயினும் அந்தச் சில நிமிடங்களில் நாம் நம் இல்லத்துக்குள் வர ஒருவருக்கு வழி திறந்துவிடுகிறோம். அவர் எந்நேரத்தில் வரலாம், எதற்காக வரலாம் என்று யாரும் நம்மைக் கேட்பதில்லை, நாமும் கேட்டுக்கொள்வதில்லை. அந்தக் கேள்வியையே இங்கே எழுப்ப விழைகிறோம்.

கனடா நாட்டின் வாட்டர்லூ நகரில் 1984இல் தொடங்கப்பட்ட 'ரிசர்ச் இன் மோஷன்' என்னும் நிறுவனம், 1999இல் பிளாக்பெர்ரி என்ற பெயரில் ஒரு சிறு கருவியை வெளியிட்டது. பார்வைக்குப் பேஜர் போலிருந்த அக்கருவி, அலுவலக மின்னஞ்சலை மனிதனின் இடுப்புப் பட்டைவரை கொண்டுவந்து சேர்த்தது. அதுவரை மின்னஞ்சல் என்பது பெரும்பாலும் அஞ்சல் நிலையத்திலுள்ள பெட்டியைப் போன்றது. வேண்டியவர் வேண்டியபோது சென்று திறந்து பார்ப்பார். இக்கருவியிலோ கடிதம் தானாகவே வந்து இறங்கியது. பின்னர் வந்த பிளாக்பெர்ரிக் கைபேசிகளில், புதிய கடிதம் வந்தவுடன் மேல் ஓரத்தில் ஒரு சிறு சிவப்பு விளக்கு விட்டு விட்டு ஒளிரும். அதைக் கண்டபின் பாராதிருத்தல் பலருக்கு அரிதாயிற்று. கொடிய போதைப் பொருள் ஒன்றின் பெயரையும் கருவியின் பெயரையும் இணைத்து, 'கிராக்பெர்ரி' என்று வேடிக்கையாகச் சொல்லலாயினர். 2006இல் வெப்ஸ்டர்ஸ் நியூ வேர்ல்ட் அகராதியினர் அதையே ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தனர்.

இக்கைபேசியில் மின்னஞ்சலை அமைக்க இரு வழிகள் இருந்தன. தனிமனிதர் தம் முகவரியையும் கடவுச்சொல்லையும் அந்நிறுவனத்தின் சேவையிடம் ஒப்படைப்பார். அவருடைய அஞ்சல் பெட்டியைத் திறந்து பார்த்தது கைபேசியன்று. இடையில் நின்ற அந்தச் சேவையின் சர்வரே அவருக்காகப் பெட்டியைத் திறந்து, வந்தவற்றைக் கைபேசிக்கு அனுப்பியது. அலுவலக ஊழியருக்கு வேறு வழி. கணினிப் பிரிவின் நிர்வாகி ஒரு தனிக் கடவுச்சொல்லைத் தருவார். அதைப் பதித்ததும் கைபேசியும் அலுவலகத்தின் சர்வரும் தங்களுக்குள் ஒரு மறைக்குறியீட்டுச் சாவியை உருவாக்கிக்கொள்ளும். சற்று நேரத்தில் கடிதங்களும், நாட்காட்டியும், தொடர்பு முகவரிகளும் வந்து நிறையும். அவற்றோடு அலுவலகத்தின் விதிகளும் வந்து சேரும். தொலைவிலிருந்தே கைபேசியைப் பூட்டவும், அதிலுள்ளவற்றை முழுவதும் அழிக்கவும் நிர்வாகியால் இயலும். இதில் வஞ்சகம் ஏதுமில்லை. கருவி தொலைந்துபோனால் இரகசியங்களைக் காக்க அது தேவையே. எனினும், நம் சட்டைப்பையில் கிடக்கும் பொருளின்மீது வேறொருவருக்கும் அதிகாரம் உண்டு என்பது அன்றே உறுதியாகிவிடுகிறது.

இதன் நன்மைகளை மறைப்பது நேர்மையாகாது. நோயுற்ற பிள்ளையின் அருகே அமர்ந்தபடி ஒரு தாய் தன் அலுவலை முடிக்கலாம். ஒரு பதிலுக்காக மட்டும் இரவுவரை அலுவலகத்தில் காத்திருந்தவர், மாலையிலேயே வீடு திரும்பலாம். கருவி மனிதனுக்குப் பணிசெய்த தருணங்கள் இவை.

இதனால் விளையும் தொல்லையைப் பற்றிப் பேசும்போதோ நாம் வழக்கமாகச் சொல்லும் அறிவுரை ஒன்றுண்டு: "தன்னடக்கம் வேண்டும், கருவியை அணைத்துவைத்தால் போயிற்று." குறித்த நேரத்தில் தானே அணைந்து, குறித்த நேரத்தில் தானே விழித்துக்கொள்ளும் வசதியும் பிளாக்பெர்ரியில் இருந்தது. ஆனால் இவ்வறிவுரை பாதி உண்மையே. இரவு பத்து மணிக்கு மேலாளரிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. உடனே பதில் எழுது என்று அதில் சொல்லப்படவில்லை. ஆயினும், முதலில் பதில் எழுதுபவர் ஊக்கமுள்ளவர் என்றும், மறுநாள் எழுதுபவர் அக்கறையற்றவர் என்றும் கணிக்கப்படுவர் என்பதை ஊழியர் அறிவார். பதவி உயர்வும் சம்பளமும் அக்கணிப்பைச் சார்ந்திருக்கின்றன. அணைக்கும் பொத்தான் அவர் கையில் உள்ளது. அணைக்கும் சுதந்திரம் அவரிடம் இல்லை.

இந்நிலையில் ஓய்வுநாள் கட்டளையை மீண்டும் கூர்ந்து நோக்குவது நலம். விடுதலைப் பயண நூலின் 20ஆம் அதிகாரத்திலும், இணைச்சட்ட நூலின் 5ஆம் அதிகாரத்திலும் அக்கட்டளை யாரை நோக்கிப் பேசுகிறது? களைத்துப்போன அடிமையை நோக்கி 'நீ ஓய்ந்திரு' என்று சொல்வதோடு அது நிற்கவில்லை. வீட்டுத் தலைவனை நோக்கி, அவனுடைய பிள்ளைகளும், பணியாளரும், கால்நடைகளும், அவனிடம் தங்கியிருக்கும் அந்நியரும்கூட ஓய்வு பெறவேண்டும் என்கிறது. இணைச்சட்டம் காரணத்தையும் நினைவூட்டுகிறது: எகிப்தில் அவனும் அடிமையாய் இருந்தவன் அல்லவா! ஓய்வைக் காக்கும் கடமை முதன்மையாக வேலை வாங்குபவன்மீதே சுமத்தப்பட்டுள்ளது. நாமோ அக்கடமையை மெல்ல மெல்ல வேலை செய்பவனுடைய மனவலிமையின்மீது ஏற்றிவிட்டோம்.

"அவரே சம்மதித்துத்தானே அமைத்துக்கொண்டார்?" என்று ஒருவர் கேட்கலாம். திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல் இதற்கு விடை தருகிறது. தன் வாழ்வின் நோக்கத்தையே சிதைக்கும் நிலைக்கு உடன்படும் உரிமை மனிதனுக்கு இல்லை. ஏனெனில் அது அவன் கடவுளுக்குச் செலுத்தவேண்டிய கடனைப் பற்றியது என அம்மடல் கற்பிக்கிறது. ஞாயிறு ஓய்வின் கட்டாயத்தையும் இதிலிருந்தே பெறுகிறது. ஆலைத் தொழிலாளரை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட போதனை அது. ஆயினும், கைபேசித் திரையில் தெரிவிக்கும் ஒப்புதலும் அதற்குப் புறம்பானதன்று.

இதனால் இரவில் எவரும் எவரையும் அழைக்கலாகாது என்று ஆகிவிடாது. ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்த பிள்ளையையோ மாட்டையோ யார்தான் தூக்கிவிடமாட்டார் என்று இயேசு கேட்டாரல்லவா? சாகுந்தறுவாயில் இருப்பவருக்கு நோயில்பூசுதல் அளிக்கக் குருவானவரை நள்ளிரவில் எழுப்புகிறோம். மருத்துவரையும் செவிலியரையும் எழுப்புகிறோம். அது அன்பின் அழைப்பு. ஆனால் நாளை மறுநாள் கூட்டத்துக்குரிய அட்டவணை கிணற்றில் விழுந்த மாடு அன்று. சிவப்பு விளக்கோ இரண்டுக்கும் ஒன்றுபோலவே ஒளிர்ந்தது. வேறுபாட்டை அறிந்திருந்தவர் அனுப்பியவர் ஒருவரே.

சில நாடுகளில் இவ்வுண்மை உணரப்பட்டிருக்கிறது. ஜெர்மனியின் வோல்க்ஸ்வேகன் நிறுவனம், தொழிலாளர் பேரவையுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஊதிய ஒப்பந்தத்துக்கு உட்பட்ட ஊழியரின் பிளாக்பெர்ரிகளுக்கு வேலை முடிந்து 30 நிமிடங்களுக்குப்பின் மின்னஞ்சல் செல்லாதபடி சர்வரை நிறுத்திவைத்தது. மறுநாள் வேலை தொடங்க 30 நிமிடங்களுக்கு முன்பே அது மீண்டும் இயங்கும். 2011இல் வெளிவந்த செய்தி இது. பிரான்சில் 50 பேருக்குக் குறையாத ஊழியரைக் கொண்ட நிறுவனங்கள், வேலை நேரத்துக்குப்பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை குறித்து ஊழியருடன் பேசவேண்டும் என்னும் சட்டம் 2017 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. போர்ச்சுகல் இன்னும் ஒரு படி சென்று, தவிர்க்கவியலாத சூழல் நீங்கலாக, ஓய்வு நேரத்தில் ஊழியரைத் தொடர்புகொள்ளாதிருப்பது முதலாளியின் கடமை என்று 2021இல் சட்டம் இயற்றியது. அது 2022இன் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. மோசே வழியாகத் தரப்பட்ட கட்டளையைப் போலவே இச்சட்டமும் வேலை வாங்குபவரை நோக்கிப் பேசுகிறது.

அதே வாரத்தில், 2022 ஜனவரி 4 அன்று, பழைய பிளாக்பெர்ரிக் கைபேசிகளுக்கான சேவைகளை அந்நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அந்தச் சிவப்பு விளக்கின் காலம் முடிந்தது. ஆனால் அது பழக்கிய பழக்கம் இன்று எல்லாக் கைபேசிகளிலும் குடியேறிவிட்டது. மேலாளர்க்கு மட்டும் உரியதாயிருந்த தொல்லை இன்று கடைச் சிப்பந்தியையும், பள்ளி ஆசிரியரையும், வீட்டுப் பணிப்பெண்ணையும் எட்டியிருக்கிறது.

ஆகவே நம் ஆன்ம ஆய்வில் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்வது தகும். 'எனக்கு ஓய்வு கிடைக்கிறதா?' என்று கேட்பதோடு நில்லாமல், 'என்னால் யாருடைய ஓய்வு கலைகிறது?' என்றும் கேட்போம். நம்மில் பலர் ஒருவகையில் பணியாளர். வேறொரு வகையில் முதலாளிகள். தலைமையாசிரியராகவோ, கடை உரிமையாளராகவோ, பங்குப் பேரவைச் செயலராகவோ இருக்கும் நாம், இரவில் ஒரு செய்தியை எழுதி முடித்ததும், அனுப்புமுன் சற்றே நிற்போம். கிணற்றில் எதுவும் விழவில்லையானால் அது காலைவரை காத்திருக்கட்டும்.