வெள்ளையடித்த சுவரும் வெட்டாத கானும்



பண்டிகைக் காலம் நெருங்கும்போது நம் தோட்டங்களில் லயங்களின் முகம் மாறுவதை நாம் எல்லோரும் அறிவோம். தீபாவளிக்கு ஒரு வரிசையில் சுண்ணாம்பு மணக்கும். நத்தாருக்கு இன்னொரு வரிசையில் வர்ணம் மின்னும். கொழும்பில் கடையொன்றில் நிற்கும் மகன் அனுப்பிய பணமும், மத்திய கிழக்கில் பிறர் வீட்டில் உழைக்கும் மகள் அனுப்பிய பணமும், கொழுந்து பறித்த தாய் சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணமும் அந்தச் சுவர்களில் தெரியும். சிலர் இஸ்தோப்பை இழுத்துக் கட்டி முன்னால் வளைவு வைக்கிறார்கள். சிலர் பழைய தகரத்தைக் கழற்றிப் புதுத் தகரம் போடுகிறார்கள். தரைக்கு டைல்ஸ் பதிப்போரும் உண்டு.

ஆனால் மலை நகரும் காலமும் இதே ஐப்பசி, கார்த்திகை, மார்கழிதான். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களை மண் மூடியது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைக் கடந்தபோது, நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள் மண்சரிவால் பேரிழப்பைச் சந்தித்தன. கடலோரத்தாரின் துயரம் என்று நாம் எண்ணிவந்த சூறாவளி மலையுச்சிக்கே வந்துவிட்டது.

ஆகவே ஒரு கேள்வியை நாம் தவிர்க்க முடியாது. நாளை மண் சரியக்கூடிய இடத்தில், உறுதிப்பத்திரமும் கையில் இல்லாத ஒரு குடியிருப்பின் வெளிப்புறத்துக்கு ஒரு குடும்பம் தன் சேமிப்பைச் செலவிடுவது சரியா? சரியென்றால், எதற்கு முதலில் செலவிட வேண்டும்?

அழகு பாவமா?

“குடியிருப்பது கம்பனியின் லயம், அதற்கு வர்ணம் எதற்கு? வீண் பெருமை!” என்று சொல்வோர் உளர். இந்தத் தீர்ப்பு அவசரத் தீர்ப்பாகும். லயம் என்பது குடும்பம் ஒன்று வாழட்டும் என்ற எண்ணத்தில் எழுந்த கட்டடம் அன்று. வேலைக்கு வேண்டிய ஆட்களை ஓரிடத்தில் தங்கவைப்பதற்காக வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் எழுந்த நீண்ட கொட்டகை அது. ஒரு காம்பரா, ஓர் இஸ்தோப்பு, புகை படிந்த ஒரு சுவர், வாசலில் ஓர் இலக்கம். அந்த இலக்கத்துக்குப் பின்னால் ஒரு தாயும் தகப்பனும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று சொல்ல ஏழைத் தொழிலாளியிடம் இருந்த ஒரே மொழி ஒரு வாளி சுண்ணாம்புதான். அதை வீண் பெருமை என்று தள்ளிவிட நமக்கு உரிமையில்லை.

புனித தோமாஸ் அக்குவினாஸ் வெளி அலங்காரத்தைப் பற்றி ஆராயும்போது, வெளிப்பொருள்களில் குற்றம் இல்லை, அவற்றை அளவின்றிப் பயன்படுத்தும் மனிதனிடமே குற்றம் என்று விளக்குகிறார். ஆகவே வர்ணம் பாவமன்று. ஆயினும் வெள்ளையடித்த கல்லறைகளைப் பற்றி நம் ஆண்டவர் சொன்ன கடுஞ்சொல்லையும் மறக்கலாகாது. அவர் கண்டித்தது சுண்ணாம்பை அல்ல, உள்ளே இருப்பதை மறைக்கும் சுண்ணாம்பை.

இந்த அளவுகோலை நம் சுவருக்கு வைத்துப் பார்ப்போம். சுவரில் ஒரு வெடிப்பு. சீமெந்துப் பூச்சு பழசாகி வந்த வெடிப்பாக இருக்கலாம். அடியில் நிலம் நகர்வதால் வந்த வெடிப்பாகவும் இருக்கலாம். நிலத்தில் புதிய பிளவுகள், சாய்ந்து நிற்கும் மரங்களும் மின்கம்பங்களும், திடீரென ஊற்றெடுக்கும் நீர் அல்லது திடீரென வற்றும் ஊற்று, தெளிவாக வந்த பீலித் தண்ணீர் சேறாக வருதல், காரணமின்றி இறுகிப்போகும் கதவு ஆகியவை மண்சரிவின் முன்னடையாளங்கள். இவற்றோடு சேர்ந்து சுவரும் வெடித்திருந்தால் அது மலை நமக்கு எழுதிய கடிதம். அதன்மேல் சாந்து பூசி வர்ணம் அடிப்பவன் கடிதத்தைப் படிக்காமலே கிழித்துப்போடுகிறான். இங்கே வர்ணம் பொய்ச்சாட்சி ஆகிவிடுகிறது.

வெளிப்புறம் யாருக்குச் சொந்தம்?

காம்பராவின் உட்புறம் அந்தக் குடும்பத்துக்கு உரியது. அங்கே சுவாமிப் படத்தை எந்தப் பக்கம் மாட்டுவது, அலுமாரியை எங்கே வைப்பது என்று கேட்க அயலானுக்கு உரிமையில்லை. வெளிப்புறம் அப்படியன்று. பத்துப் பன்னிரண்டு குடும்பங்களுக்கு ஒரே கூரை, ஒரே முகடு, ஒரே பின்சுவர், ஒரே கான். என் தகரத்தை நான் மாற்றும்போது பக்கத்துக் காம்பராவின் தகரத்தோடு அது சரியாகப் பொருந்தாவிட்டால், மழை அவர்களுடைய பிள்ளையின் பாயில் விழும். ஆணியடிக்காமல் கல்லை வைத்து நான் நிறுத்திய தகரம், காற்றடிக்கும் இரவில் யார் தலையில் விழும் என்று எனக்குத் தெரியாது. முன்வாசலை நான் சீமெந்தால் உயர்த்தினால், அங்கே நின்ற தண்ணீர் மறைந்துவிடாது. கீழ் வாசலுக்குப் போகும். கடலோரத் தாழ்நிலத்திலும் இதே கதைதான். ஒருவர் தம் வளவுக்கு மண் நிரப்பி உயர்த்தினால், வெள்ளம் அயலவரின் வளவில் கூடுதலாக நிற்கும்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து பின்பக்கத்தில் இருக்கிறது. குசினிக்கு இடம் போதாது என்று லயத்தின் பின்னால் உள்ள மண்மேட்டை வெட்டுகிறோம். மூன்றடி, நான்கடிதானே என்று நினைக்கிறோம். ஆனால் சரிவான நிலத்துக்கு அதன் அடிப்பகுதியே முட்டு. அதை வெட்டினால் மேலே உள்ள மண் பிடிமானத்தை இழக்கும். அதன்மேல் தொடர்மழை பெய்தால் மண் நீரைக் குடித்துப் பாரமாகிறது. மண்துகள்களுக்கிடையே நீரின் அழுத்தம் கூடி ஒன்றையொன்று பற்றி நிற்கும் பலம் குறைகிறது. தேயிலையின் வேர் மேல்மண்ணைக் காக்கும். ஆழத்தில் நழுவும் மலையை அது பிடித்து நிறுத்தாது. இதனால்தான் முன்னோர் தேயிலை மலைகளில் குறுக்குக் கான்கள் வெட்டி, நீரை மெதுவாக ஓடையில் சேர்த்தார்கள். அந்தக் கான்கள் தூர்ந்து கிடந்தால் மழைநீர் தன் வழியைத் தானே தேடும். அந்த வழியில் நம் லயம் நிற்கலாம்.

பழைய ஏற்பாட்டில், உபாகமம் என்னும் இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தில், நாம் அதிகம் கவனிக்காத ஒரு கட்டளை உண்டு. புது வீடு கட்டுகிறவன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும். ஒருவன் அங்கிருந்து விழுந்து இறந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பது அதன் கருத்து. பலிகளையும் திருவிழாக்களையும் பற்றிப் பேசிய இறைவன், ஒரு மாடிச்சுவரைப் பற்றியும் பேசுகிறார்! வீட்டின் வெளிப்புறம் அயலானின் உயிரைத் தொடுவதால் அது கட்டடக் கலைஞனின் காரியம் மட்டுமன்று, மனச்சாட்சியின் காரியமும் ஆகும். யூதேயாவின் தட்டைக் கூரைக்குக் கைப்பிடிச்சுவர் எப்படியோ, நம் மலைச்சரிவுக்குக் கான் அப்படியே.

கடமை யாருடையது?

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழுகிறது. “சுவாமி, எல்லாவற்றையும் எங்கள் தலையில் கட்டுகிறீர்களே! நிலம் எங்களுடையதா? லயம் எங்களுடையதா? நாங்களே கானும் வெட்டிக் கூரையும் போட்டுக்கொண்டால், செய்ய வேண்டியவர்கள் கையைக் கழுவிவிட மாட்டார்களா?”

இந்தக் கேள்விக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992ஆம் ஆண்டு முதல் அவற்றின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. கைகள் மாறின, தலைமுறை தலைமுறையாக அங்கே குடியிருந்தவன் கைக்கு மட்டும் நிலம் வரவில்லை. பின்னர் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் என்று பேச்சு வந்தது. அது ஏறத்தாழ 1,900 சதுர அடி. இந்திய உதவியுடன் தனி வீடுகளும் எழுந்தன. 2017ஆம் ஆண்டு மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஆயினும் இன்றும் பெருந்தொகையான குடும்பங்கள் லயங்களிலேயே வாழ்கின்றன.

13ஆம் சிங்கராயர் பாப்பரசர் 1891ஆம் ஆண்டு தொழிலாளர் நிலைபற்றி எழுதிய சுற்றுமடலில், சிக்கனமாக வாழும் தொழிலாளி தன் சேமிப்பைக் கொண்டு ஒரு துண்டு நிலத்துக்கு உடையவனாக வழியிருக்க வேண்டும் என்று போதித்தார். நம் மக்களின் நிலையை இந்தப் போதனையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்களிடம் சேமிப்பு இருக்கிறது. அது நிலமாக மாற வழியில்லை. நிலமாக வேண்டிய பணம் பிறர் சுவரில் வர்ணமாகிக் காய்கிறது. அந்த வர்ணத்தைப் பார்த்து, “இவர்களுக்கு என்ன குறை?” என்று கேட்பவன் உண்மையைத் தலைகீழாகப் படிக்கிறான்.

எனவே இரண்டு கடமைகளைப் பிரித்தறிவோம். பாதுகாப்பான நிலமும் வீடும் தருவது நீதியின் கடமை. அது அரசுக்கும் தோட்ட உரிமையாளர்களுக்கும் உரியது. இன்றிரவு பெய்யும் மழையில் பிள்ளைகளைக் காப்பது விவேகத்தின் கடமை, அது நம்முடையது. இரண்டாவதைச் செய்வதால் முதலாவது அழிந்துவிடாது. கடன் கொடுத்தவன் பசிக்கு யாசித்து உண்டான் என்பதற்காக, வாங்கியவனின் கடன் தீர்ந்துவிடுமா? கானை நாமே வெட்டுவோம். அதே வாரத்தில் லயத்துக் குடும்பங்கள் எல்லோரும் கையொப்பமிட்டு, என்ன வெடித்திருக்கிறது, எந்தக் கான் தூர்ந்திருக்கிறது என்று தோட்ட நிருவாகத்துக்கு எழுதுவோம். பிரதி ஒன்று பிரதேச செயலகத்துக்கும், இன்னொன்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் போகட்டும். தனிமனிதனின் முறைப்பாடு காற்றில் போகலாம். கையொப்பமிட்ட கடிதம் கோப்பில் நிற்கும்.

விட்டுச் செல்லும் விவேகம்

கடைசியாக மிகக் கடினமான காரியம். அழகாக்கிய வீட்டை விட்டுப் போவது அழகில்லாத வீட்டை விட்டுப் போவதைவிடக் கடினம். நம் செல்வம் எங்கேயோ அங்கேயே நம் உள்ளமும் இருக்கும் என்று ஆண்டவர் எச்சரித்தது பணக்காரனின் களஞ்சியத்துக்கு மட்டும் அன்று. புதிதாகப் போட்ட தகரமும் தவணைக்கு வாங்கிய தொலைக்காட்சியும் மழையிரவில் நம் காலைக் கட்டிவிடும். “கர்த்தர் காப்பார்” என்று சொல்லிப் படுத்துக்கொள்வது விசுவாசம்போல் தோன்றும். ஆலய உச்சியிலிருந்து குதிக்கச் சொன்ன சோதனைக்காரனுக்கு ஆண்டவர் கொடுத்த மறுமொழியை அப்போது நினைவில் கொள்வோம். காக்கக்கூடிய வழியிருந்தும் அதைத் தள்ளிவிட்டுக் கடவுளைச் சோதிப்பது விசுவாசமன்று.

24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 மில்லிமீற்றர் என்றால் ஆயத்தம், 150 மில்லிமீற்றர் என்றால் வெளியேற்றம் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கைக்கொள்ளும் அளவு. அடிப்பக்கம் தட்டையாகவும் பக்கங்கள் நேராகவும் உள்ள ஒரு தகரப்பேணியை மரமோ கூரையோ மறைக்காத திறந்த வெளியில் வைத்தால், பள்ளிக்கூடப் பிள்ளையின் அடிமட்டமே இதை அளந்துவிடும்: மூன்று அங்குலம், நான்கு அங்குலம், ஆறு அங்குலம். எனினும் முன்னடையாளங்கள் தெரிந்தால் அளவுக்காகக் காத்திராமல் புறப்பட வேண்டும்.

மீரியபெத்தை அபாயமான இடம் என்று முந்திய ஆண்டுகளிலேயே எச்சரிக்கப்பட்டிருந்தது. “சொல்லியும் போகவில்லையே” என்று இறந்தவர்கள்மேல் பழி சுமத்துவது எளிது. எங்கே போவது? போன இடத்தில் வேலை உண்டா, நிலம் உண்டா, பிள்ளைக்குப் பள்ளி உண்டா? போக இடம் காட்டாமல் “போ” என்று சொல்வது பாதி எச்சரிக்கையே. பாறைமேல் கட்டிய வீட்டையும் மணல்மேல் கட்டிய வீட்டையும் பற்றிய உவமையில் இரு வீடுகளுக்கும் ஒரே மழை, ஒரே வெள்ளம், ஒரே காற்று. அடியில் இருந்ததே வேறுபாடு. ஆனால் நம் மக்கள் தங்கள் லயம் நிற்கும் இடத்தைத் தாங்களே தெரிவு செய்யவில்லை. ஆதலால் அந்த உவமை குடியிருப்பவனிடம் மட்டுமன்று, குடியிருத்தியவனிடமும் கணக்குக் கேட்கிறது.

நம் பங்குகளுக்கும் இதில் பங்கு உண்டு. பாதுகாப்பான இடத்தில் ஆலய மண்டபம் இருந்தால், மழையிரவில் அதன் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று ஒவ்வொரு லயத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். கத்தோலிக்கர், இந்துக்கள் என்ற வேறுபாடு அந்தக் கதவடியில் இருக்கலாகாது.

ஆகவே, அன்பர்களே, இந்த ஆண்டு வீட்டின் வெளிப்புறத்தில் கைவைக்கும்போது ஓர் ஒழுங்கைக் கடைப்பிடிப்போம். முதலில் லயத்துக்கு மேலும் பின்னும் உள்ள கானைக் கூடி வெட்டுவோம். அடுத்துக் கூரையைப் பக்கத்து வீட்டாரோடு பேசி, ஆணியடித்து இறுக்குவோம். மண்மேட்டை வெட்ட எண்ணியிருந்தால், அறிந்தவர்கள் வந்து பார்க்கும்வரை மண்வெட்டியைக் கீழே வைப்போம். வெடிப்பு இருந்தால் பூசுவதற்குமுன் காட்டுவோம். இவ்வளவும் முடிந்தபின் கையில் மீதி இருந்தால், பிள்ளைகள் விரும்பும் நிறத்தில் ஒரு வாளி வர்ணம் வாங்குவோம். அந்த வர்ணத்தை எந்த மனச்சாட்சியும் குறைசொல்லாது.